ஹாரன் இல்லாத வண்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், வாசலில் இருக்கும் தொட்டிச் செடிகள் நலம், ஸ்கூட்டர் காலையில் கொஞ்சம் இருமினாலும் மற்றபடி நலம், உங்கப்பா முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே முழுசாக நலமாக இருப்பாய் என்றுதான் இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோ அந்த நம்பிக்கையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் திடீரென்று காகிதத்தைத் தேடி எடுத்து எழுதுகிறாளே, அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று நினைக்காதே. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ என்னை மடக்கிவிடுவாய். உங்கப்பாவோ பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து காதை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பார், நான் விஷயத்தைத் தொடப்போகிறேன் என்று தெரிந்தால் தொண்டையைக் கனைப்பார். கடிதத்தில் இரண்டு பேருமே குறுக்கே வர முடியாது பார். அதனால் ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார், கடைசிவரை படி, நடுவில் போனை எடுக்காதே. முதலில் ஒரு பொய்யைக் கலைத்துவிடுகிறேன். வீடியோ காலில் அப்பா நெற்றியில் இருந்த கட்டைப் பார்த்து நீ கேட்டதற்கு, அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றார் இல்லையா, நம் வீட்டு அலமாரிக் கதவு அவர் இடுப்புக்கு மேல் வராது என்று நீயாவது யோசித்திருக்கலாம். இடித்தது அலமாரி இல்லை. உன் ரேஸ் வண்டிக்குள் இருக்கிற இரும்புக் கூண்டு.

பதறாதே, தையல் பிரித்தாகிவிட்டது, ஒரு தழும்பைத் தவிர அவர் நெற்றி பழைய நெற்றிதான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ வேலைக்குக் கிளம்பிப் போனபோது வண்டியை ஷெட்டில் போர்வை போர்த்தி விட்டுவிட்டு, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடு, இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று என்னிடம் ஒப்படைத்துப் போனாய். நானும் ஒரு வாரம் தவறாமல் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கதவைத் திறந்தால் குறுக்கே ஒரு கம்பி, அதைத் தாண்டினால் இன்னொரு கம்பி, கடைசியில் தொட்டி மாதிரி ஒரு சீட்டு, இத்தனைக்குள் என் உடம்பு நுழைவதை நீ பார்த்ததில்லை. பார்த்தவர் மாடி வீட்டுப் பல் டாக்டர் ஒருவர்தான், அவர் நாகரிகம் தெரிந்த மனிதர், சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்தச் சத்தத்தை அவராலும் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து நான் ஸ்டார்ட் செய்துவிட்டேன், டாக்டரும் வாய் திறந்தவரும் ஒரே சமயத்தில் துள்ளியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே கீழே வந்து, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்கம்மா, என் கையில ஊசி இருக்கும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அதிலிருந்து நான் படிக்கட்டின் கீழே நின்று டாக்டர் என்று கத்துவேன், மேலே இருந்து ம் என்று பதில் வரும், பிறகுதான் சாவி. இப்படியாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

லீவில் வரும்போது ரேஸ் மைதானத்தில் ஓட்ட வேண்டும், அதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா. எப்போதும் போல தட்டு லாரிக்காரரிடம் சொல்லி வைத்தோம், மேலே ஏற்றிக் கட்டி எடுத்துப் போகிற அதே லாரி. காலையில் வருகிறேன் என்றார், பிறகு மத்தியானம் என்றார், பிறகு தன் லாரியே வழியில் நின்றுவிட்டது, அதை ஏற்றிப்போக வேறு லாரி தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். அப்பா விஷயத்தைச் சொன்னதும் நீ சிரித்துக்கொண்டே, நாலு தெருதானேப்பா, மெதுவா உருட்டிட்டுப் போயிடுங்க, யாரு கேக்கப் போறா என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும், உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான்தான் பக்கத்தில் கல்லு மாதிரி நின்றேனே, என் வாய்க்கு என்ன கேடு, ஊரில் எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைக்கிற நான் அன்றைக்கு மட்டும் மூக்கை வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன். யோசித்துப் பார், டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற குடும்பம். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்சு எது பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவர் உங்கப்பா. கட்டிலில் ஏறிப் படுப்பதற்கு முன்னால் கூட பின்னால் ஒரு பார்வை பார்க்கிற மனிதர். நானோ குச்சியை வைத்துக்கொண்டு போர்டில் சிக்னல் பாடம் எடுக்கிறவள், இந்த முக்கோணம் எதற்கு, அந்த வட்டம் எதற்கு என்று கேட்டுப் பதில் சொல்லாதவர்களை முறைக்கிறவள். ஊர்ச் சட்டம் மொத்தத்தையும் எங்கள் இரண்டு பேர் வாயில் வைத்துக்கொண்டு, நம்பர் இல்லாத, விளக்கு இல்லாத, கண்ணாடி இல்லாத ஒரு வண்டியை நாங்களே கேட்டைத் திறந்து தெருவில் இறக்கினோம்.

அதிலும் உங்கப்பா சும்மா இறக்கவில்லை, மிகவும் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். ஸ்கூல் காரில் இருந்த எல் போர்டு இரண்டையும் கழற்றி, உன் வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கம்பி போட்டுக் கட்டினார். எல் போர்டைப் பார்த்தால் ஜனங்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள், முப்பது வருஷமாகப் பார்க்கிறேன் என்றார். ஆரஞ்சு நிறத்தில், பக்கவாட்டில் இருபத்தேழு என்று இவ்வளவு பெரிய எண் எழுதிய ஒரு வண்டி, அதன் மூக்கில் கற்றுக்குட்டி என்று ஒரு பலகை. எனக்கு அது அப்போது சரியாகத்தான் பட்டது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. நான் ஸ்கூட்டரில் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டுக்கொண்டு மந்திரி வண்டிக்கு முன்னால் போகிற போலீஸ்காரர் மாதிரி முன்னால் போனேன். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன், அதைப் போட்டால் ரேஸ் ஓட்டுகிற மாதிரி இருக்கும், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உன் ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டார். தோள் பெல்ட்டையும் இறுக்கவில்லை, இறுக்கினால் திரும்பிப் பார்க்க முடியாதாம். வேகம் என்று பார்த்தால் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் வேகம். மெதுவாகப் போகத் தெரியாத வண்டியை மெதுவாக ஓட்டினால் அது விக்கல் எடுத்த மாதிரி துள்ளுகிறது. தெருவில் இருந்த குழந்தைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள், பெரியவர்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்த உயரத்துக்கு மற்ற வண்டிகளின் சக்கரமும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்திருக்கும். இரண்டாவது தெரு திரும்பும்போது தூறல் விழ ஆரம்பித்தது.

தூறல் விழுந்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நீ ஒருநாள் டயரைக் காட்டி, பாரும்மா, உள்ளங்கை மாதிரி வழவழன்னு இருக்கு, கோடே கிடையாது, ஓடி ஓடிச் சூடானாத்தான் ரோட்டைப் பிடிக்கும், மழைன்னா வேற டயர் மாத்திடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய், நான் தலையை ஆட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். பிரேக்கும் அப்படித்தான், சூடு ஏறாமல் பிடிக்காது என்றாய். இதெல்லாம் நினைவுக்கு வந்து நான் கையைக் காட்டி நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் இறக்கம் வந்து, அதன் அடியில் பள்ளிக்கூட வாசலும் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அங்கே சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தெரு தாண்டவைக்கிற அந்த அம்மாவை உனக்குத் தெரியுமே, நீயும் அவர் கையைப் பிடித்துத் தாண்டியவள்தான், பிள்ளைகள் எல்லாம் பலகையம்மா என்று கூப்பிடுவார்கள். நான் தாண்டிப் போனபிறகு அவர் தெருவில் இறங்கினார், பலகையையும் இன்னொரு கையையும் தூக்கினார். நான் என் ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஊர்வலத்தில் கண்ணாடி இருந்தது எனக்கு மட்டும்தான். முன் சக்கரம் சுழலாமல் நின்றது தெரிந்தது, அப்பா இடது பக்கம் வளைத்ததும் தெரிந்தது, ஆனால் வண்டி வளையவில்லை, நிற்கவும் இல்லை, ஈரத் தரையில் சோப்பு போகிற மாதிரி நேராகப் போனது. பலகையம்மா கையைத் தூக்கியபடியே நின்றார். கடைசி நொடியில் பலகையால் பின்னால் வந்த இரண்டு பிள்ளைகளைத் தள்ளிவிட்டார். அவர் மட்டும் தள்ளிப் போக முடியவில்லை. வண்டி அவர் காலை அடித்துவிட்டு நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது.

ஓடிப்போனேன் மகளே. என் வயசுக்கும் உடம்புக்கும் நான் அப்படி ஓடியதே இல்லை. அப்பாவுக்கு நெற்றியில் ரத்தம், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார், வெளியே வர வழி தெரியவில்லை. ஸ்டீயரிங்கைக் கழற்றினால்தான் அதிலிருந்து ஆள் வெளியே வர முடியும் என்று நீ சொல்லிக் கொடுத்தது எனக்குத்தானே, அவருக்கு இல்லையே. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பின்னால் இருக்கிற வளையத்தை இழுத்தேன், ஸ்டீயரிங் என் கையோடு வந்துவிட்டது. என்னை விடு, அந்தம்மாவைப் பாரு என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். அதை எழுத வேண்டாம். ஆம்புலன்ஸில் பலகையம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் நர்ஸ் கேட்டார், அது என்னம்மா உங்க கக்கத்துல என்று. ஸ்டீயரிங்கைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டே தெருவெல்லாம் ஓடியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பலகையம்மாவின் செருப்பு, சிவப்புப் பலகை, ஸ்டீயரிங் மூன்றையும் ஒரே பையில் போட்டு அவர் பெயரை எழுதிக் கட்டி வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பார் என்கிறார் எலும்பு டாக்டர். பழையபடி நாள் முழுக்க நிற்பாரா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

கேஸ் எழுத வந்த அதிகாரி யார் தெரியுமா, நம் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொண்டவர், ரிவர்ஸ் வராமல் எல்லாரையும் அழவைத்ததால் நான் ரிவர்ஸ் என்று பெயர் வைத்தேனே, அவரேதான். உங்கப்பா கட்டுப் போட்ட தலையோடு அவர் முன்னால் நின்றார். சார், தப்பா நினைக்காதீங்க, கேட்டு எழுதணும் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். ஹாரன் இருக்கா என்றார், இல்லை என்றார் அப்பா. லைட், இல்லை. இண்டிகேட்டர், இல்லை. கண்ணாடி, இல்லை. ஹேண்ட் பிரேக், அதுவும் இல்லை. நம்பர் என்ன என்றதும் உங்கப்பா பாவம் குழம்பிப்போய் இருபத்தேழு என்றார். அது ரேஸ் நம்பர் சார் என்று ரிவர்ஸ் மெதுவாகச் சொன்னார். முதல் நாள் வகுப்பில் காரைச் சுற்றிவந்து உங்கப்பா எல்லாரிடமும் கேட்கிற கேள்விகள் அதே வரிசையில் அவரிடமே திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் அவர் ஃபெயில் ஆனார். கடைசியாக, எல் போர்டு எதுக்கு சார் என்றார் ரிவர்ஸ். அப்பா என்னைப் பார்த்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன். போகும்போது ரிவர்ஸ் என் பக்கத்தில் வந்து, எனக்கு ரோடுன்னா என்னன்னு சொன்னதே அவர்தான்மா, அவர்கிட்ட இதையெல்லாம் கேக்க வெச்சிட்டீங்களேம்மா என்றார். அன்றைக்கு அடித்த அடியில் எனக்கு அதுதான் பெரிய அடி.

சட்டம் என்ன சொல்கிறது என்று உனக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை, எடுக்கிற தகுதியும் இப்போது இல்லை, வகுப்பில் முக்கோணம் எதற்கு என்று கேட்பதையே விட்டுவிட்டேன். ஆனாலும் தெரிந்துகொள். பதிவு செய்யாத வண்டி தன் சக்கரத்தில் ஒரு முழம் கூட பொதுத் தெருவில் உருளக் கூடாது, கயிறு கட்டி இழுத்தாலும் கூடாது, லாரி மேல் ஏறித்தான் போக வேண்டும். மெதுவாகப் போனோம், நாலு தெருதான் போனோம் என்பதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. நீ எடுத்து வைத்திருந்த இன்ஷூரன்ஸ் ரேஸ் மைதானத்துச் சுவரோடு முடிந்துவிடுகிறதாம், வெளியே வந்தால் அது வெறும் காகிதம், பலகையம்மாவின் வைத்தியம் முழுக்க நம் பொறுப்பு, அது நியாயம்தான், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. அடுத்த மாதம் விசாரணை. அப்பாவின் லைசென்ஸ் போகலாம், ஸ்கூல் நடத்துகிற அனுமதியும் போகலாம், போகாமலும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியவில்லை. உன் அத்தை வந்தாள், ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக் குடுத்த என் தம்பிக்கு வீட்டுல பிரேக் போட ஆளில்லையே என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், டீயையும் குடித்துவிட்டுத்தான் போனாள். நாலைந்து பேர் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களை நான்தான் ரோட்டுக்கு அழைத்துப் போகிறேன், என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நான் மிதிக்கிற மிதியில் ஒரு பெண் பொறுக்க முடியாமல், மேடம், நான் ஓட்டுறேனா நீங்க ஓட்டுறீங்களா என்று கேட்டுவிட்டாள். உங்கப்பா அன்றிலிருந்து எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் கூட உட்காரமாட்டேன் என்கிறார். எங்கே போனாலும் நடை.

ஆஸ்பத்திரிக்கும் நடந்துதான் போகிறார், தினமும். முதல் நாள் என்னோடு வந்தபோது கட்டிலுக்கு இந்தப் பக்கம் வர முடியாமல் கதவோரமாகவே நின்றார். பலகையம்மாதான் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எங்களுக்கு. அவர் ஏதோ தன்மேல்தான் தப்பு என்கிற மாதிரி எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "சத்தம் கேட்டுச்சு சார், வண்டி வர்றதும் தெரிஞ்சுது, நகர்ந்திருக்கலாம். ஆனா நான் கையைத் தூக்கிட்டேனே. நான் கையைத் தூக்கினா எல்லா வண்டியும் நிக்கும் சார், உங்க வண்டி எப்பவும் முதல்ல நிக்கும்" என்றார். அப்பா எழுந்துவிட்டார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபிறகு, என்னிடம் இல்லை, எதிர்ச் சுவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "அவங்க கையைத் தூக்கினா நிக்கும்னு நெனச்சாங்க. நான் மிதிச்சா நிக்கும்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் நம்பினோம்." அதோடு, உனக்கு இது தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நான் எந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், உனக்குத் தெரியாததா.

மீறுவதற்குக் காரணம் உன் வீடியோ. விடியற்காலை, அகலமான ரோடு, முன்னால் இரண்டு வண்டி, அங்கே நீ ஓட்டுகிற காரின் கியரில் உன் கை, வேகம் காட்டுகிற முள் எங்கேயோ போய் நிற்கிறது, யாரோ சிரிக்கிற சத்தம். கீழே நீ எழுதியிருந்தாய், ஞாயித்துக்கிழமை காலையில ரோடே காலி, கவலைப்படாதீங்க என்று. நான் கவலைப்படுவதா, வாயில் அடித்துக்கொள்வதா என்று நின்றேன். உங்கப்பா என் போனை வாங்கிப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார், திரும்பப் பார்த்தார், மூன்றாவது தடவை ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பெரிதாக்கி என்னிடம் காட்டினார். நீயும் இப்போதே எடுத்துப் பார். பாலத்துக்கு முன்னால், இடது பக்கம், பஸ் நிற்கிற இடத்துக்கு அருகில் மஞ்சள் சட்டை போட்டு ஒருத்தர் இருக்கிறார். ரோடு பெருக்குகிறவரோ, வேலைக்குப் போகிறவரோ தெரியவில்லை. ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் கீழே. உன் வண்டி போகிற வேகத்துக்கு அவர் ஒரு மஞ்சள் பொட்டு, வந்த வேகத்தில் போய்விடுகிறார். நீ பார்த்திருக்கமாட்டாய், நானும் இரண்டு தடவை பார்த்தும் பார்க்கவில்லை. "காலியில்ல" என்றார் அப்பா. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்து வெளியே போனார்.

மகளே, நீ ரேஸ் ஓட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நீ கேட்கப் போவதும் இல்லை. மைதானத்தில் நீ ஜெயித்தபோது பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துக் குதித்தவள் நான், அந்த வீடியோ இன்னமும் உன் அத்தையிடம் இருக்கிறது. அங்கே எத்தனை வேகம் வேண்டுமானாலும் போ. அங்கே சுவர் இருக்கிறது, கொடி ஆட்டுகிறவர் இருக்கிறார், ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, நிற்கிறவர்கள் எல்லாரும் என்ன வரப்போகிறது என்று தெரிந்துதான் நிற்கிறார்கள். தெருவில் நிற்கிறவருக்கு என்ன தெரியும். உன் வண்டியைப் பார்த்து அவர் என்ன நினைப்பார், இன்னொரு வண்டி, கையைத் தூக்கினால் நிற்கும் என்றுதான் நினைப்பார். லீவில் வந்து விளக்கு, ஹாரன் எல்லாம் வைத்து நம் வண்டியைத் தெருவுக்கு ஏற்றபடி மாற்றிப் பதிவு செய்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். ரிவர்ஸிடம் கேட்டேன், பரிசோதனை மேல் பரிசோதனை உண்டு, கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும் என்றார். எனக்கு அதெல்லாம் கிடைக்க வேண்டாம். வண்டியைப் போலீஸில் சோதித்துப் பார்த்துவிட்டு, இனித் தெருவில் இறக்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷெட்டில் மூக்கு நசுங்கி நிற்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்வதையும் நிறுத்திவிட்டேன், பல் டாக்டர் கீழே வந்து, என்னம்மா ஒண்ணும் குரல் காணோம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். தினமும் காலையிலும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் உங்கப்பா எங்கே நடந்து போகிறார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு என்றால் வழி அந்தப் பக்கம் இல்லை. நேற்று வகுப்புக் காரில் அந்தப் பெண்ணை ஓட்டவைத்து அந்த வழியாக வந்தேன். பள்ளிக்கூட வாசலில் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு உங்கப்பா நிற்கிறார். பலகையம்மா எழுந்து வரும்வரை அவர் இடத்தில் நிற்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டிருக்கிறார், முதலில் முடியாது என்றார்களாம், பலகையம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து சொன்னபிறகு விட்டிருக்கிறார்கள். பெரிய மழைக்கோட்டு போட்டு, நெற்றியில் தழும்போடு, பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு பலகையைத் தூக்கினார். எங்களுக்கு முன்னால் போன வேன் நின்றது, நாங்களும் நின்றோம், இந்தத் தடவை பிரேக்கை நான் மிதிக்கவில்லை, அந்தப் பெண்ணே மிதித்தாள். எல்லா வண்டியும் நின்றுவிட்டது, நின்றது அவருக்கும் தெரிகிறது, ஆனாலும் ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அவர் ஒரு அடி பின்னால் போகிறார். பிள்ளைகளையும் கையால் ஒரு அடி பின்னால் தள்ளுகிறார். பிறகுதான் தெருவில் கால் வைக்கிறார். என் கார்தான் அது என்று அவர் கவனிக்கவில்லை. நான் ஹாரன் அடிக்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், நீ போகிற ரோட்டில் நிற்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும், என் ஆசீர்வாதத்தை இனிமேல் இரண்டாகத்தான் பிரித்துத் தருவேன். பலகையம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது, உன்னைக் கைபிடித்துத் தாண்டவைத்தவர் என்று ஞாபகப்படுத்து, அவருக்கு எல்லாப் பிள்ளைகளையும் நினைவிருக்கிறது. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாதே, அவராகச் சொல்லும்வரை அலமாரிக் கதவையே நம்பிக்கொண்டிரு. ஆஸ்பத்திரிப் பையிலிருந்து வாங்கி வந்த உன் ஸ்டீயரிங் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எங்கே என்று கேட்காதே, உன் அத்தை தேடிப் பார்த்துத் தோற்றுவிட்டாள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, உன் சிநேகிதர்கள் கிளம்புகிற அந்த நேரத்துக்கு எனக்குப் போன் செய். ஒன்றும் பேச வேண்டாம். நீ படுக்கையில் இருந்துகொண்டு கொட்டாவி விடுகிற சத்தம் எனக்குக் கேட்டால் போதும், போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
முன்னால் ஸ்கூட்டரில் போன
உன் அம்மா